நியூ கலிடோனியாவின் 96.5 சதவீதம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரான்ஸின் ஆட்சியிலுள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில், 2021 வாக்கெடுப்பில் 96.5 சதவீதம் பேர் பிரான்ஸிலிருந்து விடுதலை வேண்டாம் என்றார்கள். அப்புறமும் 2024-இல் அங்கே ஏன் தீவைப்பும் உயிர்ப்பலியும்? தோற்ற தரப்பின் அடம்தானே இது?

குமரேசன்

அன்புள்ள குமரேசன்,

சதவீதத்தை ஒதுக்கிவிட்டு வாக்குகளை எண்ணுங்கள். விடுதலை வாக்கெடுப்பு மூன்று முறை நடந்தது: 2018, 2020, 2021. 2020 அக்டோபரில் 'வேண்டாம்' 81,503, 'வேண்டும்' 71,533. 2021 டிசம்பர் 12-இல் 'வேண்டாம்' 75,720, 'வேண்டும்' 2,747. வென்ற தரப்புக்கும் வாக்கு குறைந்திருக்கிறது! 53 சதவீதம் 96 ஆனது, மற்ற தரப்பு சாவடிப் பக்கமே வராததால். வாக்குப்பதிவு 85.7-இலிருந்து 43.9 சதவீதத்துக்கு விழுந்தது.

அந்தச் செப்டம்பரில்தான் கொரோனா அங்கே பரவியது. கனாக் பழங்குடிகளிடம் சாவுச் சடங்கு நாட்கணக்கில் நீளும், சுற்றமெல்லாம் கூடும். அவர்களின் மரபுத் தலைவர்கள் அவையான செனட் ஓராண்டு துக்கம் அறிவித்தது. அதனால் விடுதலைக் கட்சிகள் வாக்கெடுப்புத் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டன. சட்டப்படி 2022 அக்டோபர் வரை அவகாசம் இருந்தும் பாரிஸ் மறுத்தது. அவர்கள் புறக்கணித்தார்கள். 2018, 2020 தோல்விகள் நியாயமானவை, அவற்றை விடுதலைத் தரப்பும் ஏற்றது. மூன்றாவதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

2024 கலவரத்துக்கு நேரடிக் காரணம் வேறு: வாக்காளர் பட்டியல். 2019 கணக்கெடுப்பில் கனாக்குகள் 41 சதவீதம். குடியேற்றத்தால் சொந்த மண்ணிலேயே சிறுபான்மை. அதனால்தான் பிரான்ஸ் உள்ளூர்க் கட்சிகளோடு 1998-இல் செய்த நூமேயா ஒப்பந்தம் வாக்குரிமைக்கு வரம்பு கட்டியது. மூன்று வாக்கெடுப்புகளிலும் வெளியில் பிறந்தவருக்குப் பொதுவாக 20 ஆண்டு வாசம் தேவைப்பட்டது. மாகாணத் தேர்தலில் 1998-க்குப் பின் வந்து குடியேறியவர்களுக்கு அப்போது இடமிருக்கவில்லை. பத்தாண்டு வசித்தால் போதும் என்று அதைத் திறக்கவந்த மசோதா பாரிஸில் விவாதத்துக்கு வந்தபோது, மே 13-இல் தலைநகர் நூமேயா பற்றி எரிந்தது.

வசிக்கிறவருக்கெல்லாம் வாக்கு என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆள்கிற நாடே ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றிய தீவில், பட்டியல் தயாரானதுமே பாதி முடிவு வந்துவிடும்.

இத்தனைக்கும் பாரிஸுக்கு இது முன்பே பட்ட அடி. 1987 வாக்கெடுப்பில் மூன்றாண்டு வாசமே போதும் என்றார்கள். கனாக்குகள் புறக்கணித்தார்கள். முடிவு, 98 சதவீதம் 'வேண்டாம்'. எட்டு மாதம் முடியுமுன் அங்குள்ள ஊவேயா தீவில் ஜெண்டார்ம்களை (பிரெஞ்சு ராணுவப் போலீஸ்) கனாக் போராளிகள் பிணைபிடிக்க, மீட்பு என்ற பெயரில் குகையில் நடந்த தாக்குதலில் 19 கனாக்குகள் செத்தார்கள்.