பொழி, விளை, கள்ளக்கடல்: குமரி மாவட்டப் புவியியல் கேள்வி பதில்

புவியியல் பாடத்தில் வரும் சொற்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

டெல்டாவும் பொழியும் ஒன்றா சார்? (பத்தாம் வகுப்பு, நாகர்கோவில்)

இல்லை மக்கா. ஆறு கொண்டுவரும் வண்டலைக் கடலால் அள்ளிப் போக முடியாதபோது அது முகத்துவாரத்தில் படிந்து, ஆறு பல கிளைகளாகப் பிரியும். அது டெல்டா. காவிரிக்கு உண்டு, நம் பழையாற்றுக்குக் கிடையாது.

ஒரு கோடையில், பழையாறு கடலில் சேரும் மணக்குடிக்குப் போய்ப் பார். ஆற்றில் நீர்வரத்து குறைந்ததும் அலை மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைக்கப் பார்க்கும். இந்தப் பக்கம் அசையாத காயல் தண்ணீர், அந்தப் பக்கம் அடிக்கிற கடல், நடுவில் ஒரு மணல் திட்டு. மழை பெய்து ஆறு பெருகினால் அந்தத் திட்டு உடைந்து தண்ணீர் கடலுக்குப் பாயும். இந்த இடத்தைத்தான் நாம் பொழி என்கிறோம். புத்தகங்களில் பொங்குமுகம், கழிமுகம் என்று மாறி மாறி வரும். பரீட்சையில் உன் புத்தகத்தில் இருக்கும் சொல்லையே எழுது. ஆனால் பொழியை மறந்துவிடாதே. அப்புறம் ஒன்று, பொழி உடைந்து தண்ணீர் ஓடும்போது அதில் இறங்கிக் குளிக்காதே. அடிமணல் சரிந்துகொண்டே இருக்கும்.

இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரிதானே?

தீவுகளை விட்டுவிட்டு நிலப்பரப்பை மட்டும் பார்த்தால் ஆம். நாட்டுக்கு, பெரிய நிக்கோபார் தீவில் உள்ள இந்திரா முனை.

எங்கள் ஊரில் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தோவாளைப் பக்கம் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஏன்? (மார்த்தாண்டம்)

அருமையான கேள்வி. தோவாளைப் பக்கம் தெருவும் கோயிலும் குளமுமாக ஊர் ஒரே இடத்தில் கூடி நிற்கும். ஊர் எல்லையைத் தாண்டினால் வயல். அது குழுமிய குடியிருப்பு. உங்கள் மார்த்தாண்டம் இருக்கிற விளவங்கோட்டில் அவரவர் வீடு அவரவர் விளைக்குள், அதாவது மேட்டுத் தோட்டத்துக்குள் இருக்கும். அது சிதறிய குடியிருப்பு.

முக்கியக் காரணம் தண்ணீர். மேற்கே இரண்டு பருவமழையும் தாராளமாகக் கிடைக்கும், தோண்டிய இடத்தில் கிணறு ஊறும். யாரும் யாரையும் அண்டி வீடு கட்டத் தேவையில்லை. கிழக்கே ஆரல்வாய்மொழியை நெருங்க நெருங்க மழை குறைகிறது. குளத்தை நம்பித்தான் வாழ்க்கை, அதனால் குளத்தருகே கூடினார்கள். சொற்களையும் கவனியுங்கள். பள்ளத்தில் நெல் விளைகிற நிலம் ஏலா. மேட்டில் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி) நிற்கிற நிலம் விளை. எத்தனை ஊர்ப்பெயர் விளையில் முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள், அங்கே மேட்டுநிலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். நூற்றுக்கு 82 பேர் நகரவாசிகள். ரப்பர் தோட்டத்துக்குள் இருப்பவர் எப்படி நகரவாசி என்று கேட்பீர்கள். அந்த ஊர் பேரூராட்சி என்பதால் கணக்கில் அது நகரம்.

முக்கடல் சங்கமத்தில் மூன்று நிறம் தெரிகிறதே, எது எந்தக் கடல்? (தக்கலை)

நிறத்தை வைத்துக் கடலைப் பிரிக்க முடியாது. ஆழம், அடியில் உள்ள பாறையும் மணலும், மேகத்தின் நிழல், கலங்கல் இவைதான் நிறத்தை மாற்றுகின்றன. பன்னாட்டு நீர்ப்பரப்பு அமைப்பு 1953இல் வெளியிட்ட எல்லைகளின்படி வங்காள விரிகுடா ராமர் பாலத்துக்கும் இலங்கையின் தென்கோடி முனைக்கும் கிழக்கேதான் தொடங்குகிறது. நம் முன்னால் இருப்பது இலட்சத்தீவுக் கடல்.

அப்படியானால் முக்கடல் சங்கமம் பொய்யா? எங்கள் ஊர்ப் பெருமையைக் கெடுக்காதீர்கள். (கன்னியாகுமரி)

பொய் என்று நான் சொல்லவில்லை. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் கடல் வந்து சூழும் முனை இது. நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு அது உண்மை. மாலுமிகளுக்காகப் போட்ட கோடு வேறு, ஊர் வழங்கும் பெயர் வேறு. இரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலில் ஏது கோடு? கச்சான் (மேல்காற்று) அடித்தால் ஒரு கடல், கொண்டல் (கீழ்க்காற்று) அடித்தால் வேறொரு கடல். எங்களுக்கு அதுதான் கணக்கு. (முட்டம்)

அண்ணாச்சி, இதைவிடத் தெளிவாக நான் சொல்ல முடியாது. காற்றின் திசை மாறினால் நீரோட்டம் மாறும், மீன் மாறும். இங்கே தெற்கே இருக்கும் வெட்ஜ் பாங்க் மீன் வளத்துக்கு பேர்போன கடலடி மேடு. அங்கே கோடு யாருக்குத் தெரியும்? மீன் கூடும் கடலடிப் பாறையான பார் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும்.

விரிகுடாவை ஏன் இங்கிருந்து தள்ளி வைக்கிறீர்கள்? (இதே கேள்வி இன்னும் நான்கு பேர்)

மேலே சொல்லிவிட்டேன். ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

தென்கோடி எது சார்?

இதுவும் மேலே இருக்கிறது.

குமரிக்கண்டம் இந்தக் கடலுக்கு அடியில்தானே?

கண்டம் இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கரையை ஒட்டி ஆழம் குறைந்து கிடக்கும் கடலடி, அதாவது இன்றைய கண்டத்திட்டின் பெரும்பகுதி அன்று தரை. நீர் ஏறியபோது மூழ்கியது அதுதான். குமரிக்கண்டத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இலெமூரியா என்பது 1864இல் விலங்கியலாளர் ஸ்கிளேட்டர் லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சொன்ன ஊகம். நிலத்தட்டுகளும் அவற்றோடு கண்டங்களும் நகர்வது (தட்டு நகர்வு) புரிந்த பிறகு அதற்குத் தேவை இல்லாமல் போயிற்று.

மழையும் காற்றும் இல்லாதபோது கடல் ஏறுகிறதே? (குளச்சல்)

கள்ளக்கடல். எங்கோ தொலைவில், தென்கோளத்துப் பெருங்கடலில் வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகின்றன. மீனவர் சொன்ன இந்தச் சொல்லை யுனெஸ்கோ 2012இல் ஏற்றுக்கொண்டது. வானம் தெளிவாக இருக்கும், அதுதான் ஆபத்து. எச்சரிக்கை வந்த நாளில் பாறையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள்.

என் விளை மண்ணுக்கு என்ன உரம் போடலாம்?

அது என் துறை இல்லை. மண் மாதிரியை எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போங்கள்.