விருந்தாளி வந்தாரா, விருந்தாளி யாரோ வந்தாரா?

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஆய்வுக்கட்டுரைகளைத் திருத்தும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வருவதில் பெரும்பகுதி சீன ஆய்வாளர்கள் எழுதியவை. வேதியியலில் கரைகண்டவர்கள் ஆங்கிலத்தில் ‘ஏ’ (a) எங்கே, ‘தி’ (the) எங்கே என்று இதைக்கூடக் கற்றுக்கொள்ளவில்லை. நாள் முழுக்க ‘தி’ போட்டே கை ஓய்கிறது. அவர்களுக்கு அனுப்ப எளிய விதிகள் சில சொல்வீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கை ஓய்வது புரிகிறது அம்மா. ஆனால் ‘இதைக்கூட’ என்று நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ இரண்டும் உங்களுக்கு ஒன்றா? முன்னது ஏதோ ஒரு புத்தகம், பின்னது நமக்குத் தெரிந்த புத்தகம். நம்மிடம் ‘தி’ இல்லை, ‘ஐ’ இருக்கிறது.

சீனத்தில் அந்த வேலையைச் சொல்வரிசை பார்த்துக்கொள்கிறது. ‘கெரென் லாய் லெ’ என்றால் எதிர்பார்த்திருந்த விருந்தாளி வந்துவிட்டார். ‘லாய் கெரென் லெ’ என்று வினையை முன்னே கொண்டுபோனால் விருந்தாளி யாரோ வந்திருக்கிறார். அதே மூன்று சொற்கள்தான்.

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் சிங்கப்பூரில் என்னோடு அறையில் இருந்த சீன மாணவர். அவருடைய ஆய்வேட்டை வழிகாட்டி பக்கமெல்லாம் சிவப்பு மையில் ‘தி’, ‘தி’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்திருந்தார். ஏன் என்று ஒரு வரி கிடையாது. பயந்துபோன நண்பர் அடுத்த அத்தியாயத்தில் இயற்கைக்கும் சமூகத்துக்கும்கூட ‘தி’ போட்டார். அதற்கும் சிவப்பு மை. “உலோகத்தைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். படிப்பவருக்குத் தெரியும். பிறகு எதற்கு அடையாளம்?” என்று நடுராத்திரியில் என்னைக் கேட்டார். அவர் மொழிப்படி அது நியாயமான கேள்வி. சில இடங்களில் ‘ஒன்று’, ‘அந்த’ என்பவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைப் போட்டுச் சமாளித்தார். ஆங்கிலத்தின் ‘ஏ’ பழங்காலத்தில் ‘ஒன்று’தான், ‘தி’ ‘அந்த’தான்.

விதிப்பட்டியல் வேண்டாம். அவர்கள் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தாயிற்று.

நீங்கள் செய்வதுதான் எனக்குக் கவலை. ‘பேஷன்ட்ஸ்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்னால் ‘தி’ போட்டால், அவர் சோதித்துப் பார்த்த நோயாளிகள். போடாவிட்டால், அந்த நோய் உள்ள எவரும். வேறுபடுவது ஆய்வின் முடிவு! அதை நீங்களாகத் தீர்மானிக்கலாமா? கை பழக்கத்தில் ‘தி’ போடுகிற ஒவ்வொரு இடத்திலும் அவர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நீங்கள் சொல்லிவிட வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கேளுங்கள்: முன்பு சொன்ன நோயாளிகளா, பொதுவாகவா? அவருக்கு அது நிச்சயம் தெரியும்.

என் நண்பரிடம் அந்த வழிகாட்டி ஒருமுறைகூட அப்படிக் கேட்கவில்லை.