கரஸ்ல சேரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பிளஸ் டூ முடித்துப் பத்து வருஷம் ஆகிறது. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. இப்போது டிகிரி முடிக்க ஆசை. போனில் 'ஆன்லைன் பிபிஏ' என்று தேடி ஓரிடத்தில் நம்பரைக் கொடுத்துவிட்டேன், அன்றிலிருந்து தினமும் நாலைந்து அழைப்புகள். இன்றைக்கே சேர்ந்தால் பாதிக் கட்டணம் தள்ளுபடி, மீதியை மாதாமாதம் கட்டலாம் என்கிறார்கள். நம்பிச் சேரலாமா அக்கா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: படியுங்கள் தங்கச்சி, கட்டாயம் படியுங்கள். ஆனால் இன்றைக்குப் பணம் கட்டாதீர்கள்.

உங்களைக் கூப்பிடுகிறவர் தன்னை 'அட்மிஷன் கவுன்சிலர்' என்று சொல்லியிருப்பார். பெரும்பாலும் அவர் பல்கலைக்கழகத்து ஆள் கிடையாது, ஆள் சேர்த்துவிடும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாமல், பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு டிஇபியின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பல்கலைக்கழகம் பெரிய பெயராக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் அதே படிப்பை, அதே முறையில் (தொலைநிலை வேறு, ஆன்லைன் வேறு), நீங்கள் சேரும் அதே ஆண்டில் நடத்த அனுமதி இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்தில் பி.காமுக்கு அனுமதி இருக்கும், பிபிஏவுக்கு இருக்காது. போன வருஷம் இருந்தது இந்த வருஷம் இல்லாமலும் போகலாம்.

இன்னொன்று, 2024 முதல் இப்படிச் சேருகிறவர்கள் எல்லோரும் அந்தத் தளத்தில் 'டிஇபி ஐடி' என்று ஒரு எண் எடுத்தாக வேண்டும். அதற்கு முதலில் அரசின் டிஜிலாக்கர் செயலியில் ஏபிசி ஐடி (உங்கள் படிப்பின் கிரெடிட்களைச் சேர்த்து வைக்கும் கணக்கு எண்) எடுக்க வேண்டும், ஆதாரில் உள்ள பெயரும் மார்க் ஷீட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். இனிஷியல் முன்னே பின்னே இருந்தால் இப்போதே சரிசெய்து வையுங்கள். இந்த எண்ணைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒருவர் உங்களைச் சேர்த்துவிடப் பார்த்தால் அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

அப்புறம், மாதாமாதம் கட்டலாம் என்கிறார்களே, அது பல நேரம் பல்கலைக்கழகம் தரும் தவணையாக இருக்காது. ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் போடும் கடனாக இருக்கும். போனில் ஓடிபி கேட்பார்கள், சொல்வீர்கள், கடன் ஏறிவிடும். ஆறு மாதத்தில் படிப்பை விட்டாலும் இஎம்ஐ விடாது.

என் அக்கா மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். டவுனில் மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்ன ஆபீஸ், சுவரெல்லாம் பட்டமளிப்பு விழா போட்டோக்கள். பதினெட்டாயிரம் கட்டினாள். ஆறு மாதம் கழித்துத்தான் நான் அந்த ரசீதைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கேயும் இல்லை. ஏதோ ஒரு டிரஸ்ட்டின் ரப்பர் ஸ்டாம்ப், அதன்மேல் கிறுக்கலாக ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். என்ரோல்மென்ட் நம்பர் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார்கள். வரவே இல்லை. பணம் போனதை விட அவளுக்கு ஒரு வருஷம் போனதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு நேராகப் போக வேண்டும், ரசீதும் அதன் பெயரிலேயே வர வேண்டும். படிப்பு மையத்தை ஏஜென்சியிடம் ஒப்படைத்து நடத்த யூஜிசி அனுமதிப்பதில்லை.

சரி, எங்கே சேரலாம்? தமிழில் படிக்க வேண்டும், செலவும் குறைவாக இருக்க வேண்டும் என்றால் 2002-இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை முதலில் பாருங்கள், சென்னை சைதாப்பேட்டையில் இருக்கிறது, வெளியூர்களிலும் மையங்கள் உண்டு. ஆங்கிலம் சமாளிக்க முடியும் என்றால் இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். முறையான அனுமதியோடு படித்த பட்டம், கல்லூரிக்குப் போய் வாங்கும் பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் யூஜிசியே அறிவித்திருக்கிறது, அதனால் 'கரஸ்ல படிச்சதா' என்று யாராவது இழுத்தால் கவலைப்படாதீர்கள்.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்திருக்கிறான். கம்ப்யூட்டர் மேல் ஆர்வம். பி.இ. ஆன்லைனில் படிக்க வைக்கலாம் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா?
– ஒரு தந்தை, அரக்கோணம்

பதில்: உண்மை இல்லை. இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், பார்மசி, சட்டம் எதையும் பட்டப்படிப்பாகத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்த அனுமதி கிடையாது.

ஆனால் அவன் ஆர்வத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்பைப் பாருங்கள். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை. நான்கு வாரப் பாடம் தருவார்கள், அதில் கொடுக்கும் பயிற்சிகளை முடித்து, நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும். குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு, அதனால் ஐஐடி என்றதும் மலைத்துப்போய் விலகிவிடாதீர்கள். சேருவதை விடத் தாக்குப்பிடிப்பதுதான் கஷ்டம், கணக்கில் தினமும் உட்கார வேண்டியிருக்கும். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் முடித்த கட்டத்துக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் இருக்கும். பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் ரெகுலராகச் சேர்த்துவிட்டு இதையும் கூடவே படிக்க வைக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிப்பதை 2022 முதல் யூஜிசி அனுமதிக்கிறது.

கேள்வி: பத்தாவது பாஸ், லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலையில் பி.ஏ. முடித்து டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: அந்த வரிசையில் போனால் கடைசியில் மாட்டிக்கொள்வீர்கள் தம்பி. அரசு வேலைக்குப் பத்தாவது, பிளஸ் டூ, அப்புறம் பட்டம் என்ற வரிசையைப் பார்ப்பார்கள். பரீட்சையில் பாஸாகிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் திருப்பி அனுப்பப்படுவதை விடக் கொடுமை வேறு இல்லை. தனித்தேர்வராக மேல்நிலைத் தேர்வை முதலில் முடியுங்கள், பதிவு செய்வது பற்றி அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் சேவை மையத்தில் சொல்வார்கள். அதுவரை சும்மா இருக்க வேண்டாம், குரூப் 4-க்குப் பத்தாவதே போதும், இந்த முறையே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: இக்னோவில் பி.ஏ. சேர்ந்தேன். புத்தகங்கள் வந்த கட்டு இன்னும் பிரிக்காமல் பீரோ மேல் இருக்கிறது. ஜூன் பரீட்சை வருகிறது. விட்டுவிடலாமா?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: விடவே வேண்டாம் அம்மா. மூன்று வருஷப் படிப்பை முடிக்க ஆறு வருஷம் வரை அவகாசம் இருக்கிறது. ஜூன் தவறினால் டிசம்பர் இருக்கிறது.

பலரும் கோட்டை விடுவது வீட்டிலிருந்தே எழுதித் தரும் அசைன்மென்ட்டில்தான். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்குப் போகிறது. கைப்பட எழுத வேண்டும். முடித்ததைப் படிப்பு மையத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி, போட்டோவும் எடுத்து வையுங்கள். பரீட்சைக்குத் தனியாக விண்ணப்பம் போட்டுப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், படிப்பில் சேர்ந்தபோது கட்டிய பணத்தில் அது வராது.

இன்று சமையல் முடிந்ததும் அந்தக் கட்டைக் கீழே இறக்குங்கள். இருப்பதிலேயே மெல்லிய புத்தகமாக எடுத்து, முதல் பாடத்தை மட்டும் படித்துவிட்டு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.