பூக்கிற செடியை வெட்டலாமா?

கேள்வி: அம்மா, எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஹாலில் ஏஞ்சல் விங் பிகோனியா வைத்திருக்கிறேன். இலையில் வெள்ளிப் புள்ளி, பின்பக்கம் அரக்கு நிறம். வாங்கும்போது குட்டையாக, அடர்த்தியாக இருந்தது. இப்போது நான்கு தண்டும் நாலடி உயரம் போய், கீழே மொட்டையாக, உச்சியில் மட்டும் ஐந்தாறு இலையோடு சாய்ந்து நிற்கின்றன. எப்போதாவது ஒரு கொத்து பூக்கிறது. வெட்டலாம் என்றால் மாமியார், “பூக்கிற செடியில் கத்தி வைக்காதே” என்கிறார். வெட்டலாமா? வெட்டியதை நட்டால் வருமா? வேர் பிடிக்க ரூட்டிங் ஹார்மோன் வாங்க வேண்டுமா?
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வெட்டுங்கள். வெட்டிய தண்டிலிருந்து வரும் முதல் செடி அவருக்குத்தான் என்று மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆனால் கத்தியை எடுப்பதற்கு முன் தொட்டி இருக்கும் இடத்தைப் பாருங்கள். ஹாலில் என்று எழுதியிருக்கிறீர்கள், ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்தப் பிகோனியாக்கள் பிரேசில் காட்டுச் செடிகளின் கலப்பு. மர நிழலில் சல்லடையாக விழும் வெயில் அவற்றுக்குப் பழக்கம். நிழல் பிடிக்கும் என்றால் சோபா மூலை பிடிக்கும் என்று அர்த்தமில்லை! வெளிச்சம் போதாதபோது செடி அதைத் தேடிக் கணுவுக்குக் கணு இடைவெளி விட்டு நீள்கிறது. இடத்தை மாற்றாமல் வெட்டினால் அடுத்த வருஷமும் இதே கடிதத்தை எனக்கு எழுதுவீர்கள். கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் ஒன்றிரண்டு மணி நேரம் பட்டால் போதும். மேற்கு ஜன்னல்தான் இருக்கிறது என்றால் திரை போட்டு வையுங்கள், நம் ஊர் மூன்று மணி வெயிலில் இலை ஓரம் கருகிவிடும். ஏசி காற்று நேரே படும் இடம் வேண்டாம்.

இது தை மாதம், நல்ல நேரம். கத்திரி வெயில் வருவதற்குள் செடி துளிர்த்து நிலைத்துவிடும். தவறவிட்டால் ஆடி வரை பொறுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் வேண்டாம். சாறு நிறைந்த தண்டு, ஈரத்தில் வெட்டுவாய் அழுகும்.

நான்கையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம். உயரமான இரண்டை மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு, கணுவுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டுங்கள். அவை துளிர்த்த பிறகு மற்ற இரண்டையும். நான் புது பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு வெட்டுவேன். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். நுனிக்கொழுந்து இருக்கும்வரை அதில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே உள்ள மொட்டுகளை அடக்கி வைக்கும், நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். புதுத் துளிரில் நான்கு இலை வந்ததும் அதன் நுனியையும் நகத்தால் கிள்ளுங்கள். இதற்கு மனசு வராமல்தான் பலர் மறுபடி ஒட்டடைக் கம்பு வளர்க்கிறார்கள்.

வெட்டிய பிறகுதான் ஆபத்து. பாவம் என்று வழக்கம்போலத் தண்ணீர் ஊற்றுவார்கள். இலை குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். மேல்மண் காய்ந்தபின் ஊற்றுங்கள். துளிர் வரும்வரை உரம் கிடையாது. ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரில் உப்பு அதிகம், அது வேண்டவே வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால் உங்கள் போர் தண்ணீரும் அப்படித்தான். அதற்கு ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எவ்வளவோ மேல்.

இனி வெட்டிய தண்டுக்கு வருவோம். இரண்டு மூன்று கணு இருக்கும்படி விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்தச் செடியில் பூங்கொத்து இலைக்கக்கத்திலிருந்து வருகிறது. பூத்த கணுவில் மொட்டு செலவாகிவிட்டது. அந்தக் கணு வேர் விடும், துளிர் விடாது. இலைக்காம்புக்கு மேலே சின்னப் புடைப்பு தெரிகிறதா என்று பார்த்து, அப்படி ஒரு கணுவாவது மண்ணுக்கோ தண்ணீருக்கோ உள்ளே போகும்படி வையுங்கள். அடியிலிருந்து புதுத் தண்டு வருவது அங்கிருந்துதான். தனி இலையைத் தண்ணீரில் போட்டு வேர் வந்துவிட்டது என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். ரெக்ஸ் பிகோனியா இலையிலிருந்து செடியாகும். இந்த வகை இலை பெரும்பாலும் வேரோடு நின்றுவிடும்.

பூவையும் பூமொட்டையும் கிள்ளிவிடுங்கள். அடி இலைகளை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் பெரிய இலையைப் பாதியாக நறுக்குங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒரு கணு மூழ்கும் அளவு தண்ணீர் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரியும். ஓர் அங்குலம் ஆனதும் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும். நீளமாக வளரவிட்டால் அந்தத் தண்ணீர் வேர் மண்ணில் முறியும். கலவைக்கு, நன்றாக அலசிய கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் (மண்ணை இலேசாக்கும் வெள்ளைத் துகள்) அல்லது ஆற்று மணல் ஒரு பங்கு. அலசாத கோகோபீட்டிலும் உப்பு இருக்கும். மூன்று துண்டுகளை ஒரே ஆறு அங்குலத் தொட்டியில் நடுங்கள், ஒன்று மட்டும் நட்டால் மறுபடியும் ஒற்றைக் குச்சிதான். சிலர் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடச் சொல்வார்கள். சென்னைக் காற்றில் இருக்கிற ஈரமே போதும், மூடினால் பூஞ்சைதான் வளரும்.

ஹார்மோன் பவுடர் வேண்டாம். ரோஜா, போகன்வில்லாவுக்கு வாங்கினால் நியாயம் உண்டு. பிகோனியாவுக்கு அது வீண் செலவு. அந்தக் காசுக்குப் பெர்லைட் வாங்குங்கள்.

கேள்வி: போன வருஷப் பொங்கலுக்குப் பூவோடு வாங்கிய கலஞ்சோ செடி அப்புறம் பூக்கவே இல்லை. இலை பச்சையாக, ஆனால் நெடுநெடுவென்று இருக்கிறது. டிவி ஸ்டாண்டு மேல் இருக்கிறது.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: அங்கேதான் வில்லங்கம். கலஞ்சோ நீண்ட இரவைப் பார்த்தால்தான் பூமொட்டு வைக்கும். தினமும் 12 முதல் 14 மணி நேரம் தொடர்ந்து இருட்டு, சுமார் ஆறு வாரம். உங்கள் ஹாலில் ராத்திரி பதினொன்று வரை டியூப்லைட் எரிந்தால் அதற்கு இரவே வருவதில்லை. இப்போது நுனிகளை வெட்டி, வெட்டுவாயை ஓரிரு நாள் நிழலில் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் போட வேண்டாம். ஐப்பசியில் பகலைவிட இரவு நீளும்போது, தெருவிளக்கு படாத, மழைச்சாரல் அடிக்காத பால்கனி மூலையில் வையுங்கள். அப்படி ஒரு மூலை இல்லையென்றால் சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை எட்டு மணிக்கு எடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் கிடைக்க வேண்டும், அதையும் மறந்துவிடாதீர்கள்.