பாதியில் நிற்கும் லேயர் ஸ்கிரிப்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மணலியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேனாக இருக்கிறேன். பைப் ரேக், பிளாட்ஃபார்ம், ஏணி, ஹேண்ட்ரெயில்தான் வேலை. ஆட்டோகேடில் வரைந்த ஒரே டிராயிங்கிலிருந்து கட்டிங் ஆளுக்கு ஒரு பிரிண்ட், வெல்டருக்கு ஒன்று, பார்ட்டிக்கு ஒன்று எடுக்க வேண்டும். வேண்டாத லேயர்களை (டிராயிங்கின் அடுக்குகளை) ஆஃப் செய்ய எஸ்.சி.ஆர். ஸ்கிரிப்ட் (கமாண்டுகளை வரிசையாக எழுதிய டெக்ஸ்ட் ஃபைல்) ஒன்று எழுதி வைத்தேன். சில டிராயிங்கில் ஒழுங்காக ஓடுகிறது, சிலவற்றில் பாதியில் குழம்பி நிற்கிறது. போன வாரம் ஒரு ஃபைலில் ‘ஆல்’ கொடுத்து எரேஸ் செய்தபோது ஆஃபில் இருந்த வெல்டிங் குறிகளும் போய்விட்டன. ஆட்டோகேடுக்குள் புரோகிராம் எழுதும் மொழியான லிஸ்ப் கற்றுக்கொண்டால் தீருமா? எங்களிடம் இருப்பது ஆட்டோகேட் எல்.டி. (வசதிகள் குறைத்த வகை).

ஒரு வாசகர், திருவொற்றியூர்

அன்புள்ள தம்பி,

லிஸ்ப் பிறகு வரட்டும். உங்கள் இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றுதான்: ஃப்ரீஸ் செய்ய வேண்டிய இடத்தில் ஆஃப் செய்கிறீர்கள். ஆஃப் லேயரைக் கண்ணுக்கு மட்டும் மறைக்கும், ஃப்ரீஸ் செலக்‌ஷனுக்கும் எட்டாமல் ஒதுக்கி வைக்கும்.

ஸ்கிரிப்டில் ‘ஆஃப்’, அடுத்து ‘டிம்*’ (‘டிம்’ என்று தொடங்கும் அளவுக் குறி லேயர்கள் எல்லாம்), அடுத்து ஒரு வெற்று வரி என்று வைத்துக்கொள்வோம். அந்த டிராயிங்கைக் கடைசியாக மூடியவர் டிம் லேயரைக் கரன்டாக (புதிதாக வரைவது போய்ச் சேரும் லேயராக) விட்டிருந்தால், ஆட்டோகேட் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கும்: இது கரன்ட் லேயர், ஆஃப் செய்யத்தான் வேண்டுமா? உங்கள் வெற்று வரி அதற்கு ‘வேண்டாம்’ என்ற பதிலாகப் போய்விடுகிறது. டிம் அணையாது, லேயர் கமாண்டும் மூடாது. அடுத்த வரியில் இருக்கும், பிரிண்ட் எடுக்கும் பிளாட் கமாண்டை லேயரின் ஆப்ஷன் என்று நினைத்துத் திணறும். இதற்காக ஒரு ‘ஒய்’ சேர்த்தால், டிம் கரன்டாக இல்லாத ஃபைலில் அந்த ‘ஒய்’யே தப்பான ஆப்ஷன் ஆகிவிடும். எப்படிப் போனாலும் முட்டும்.

டிராயிங் எந்த நிலையில் கைக்கு வந்தாலும் ஸ்கிரிப்ட் அதை ஒரே நிலைக்குக் கொண்டுவர வேண்டும். மைனஸ் போட்ட லேயர் கமாண்டுக்குள் (-LAYER) வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தா (Thaw, ஃப்ரீஸை நீக்குவது), *. பிறகு ஆன், *. பிறகு செட், 0 (‘0’ என்ற லேயரைக் கரன்ட் ஆக்க). அதன் பின் ஃப்ரீஸ், வேண்டாத பெயர்கள். முடிவில் ஒரு வெற்று வரி. வரிசையை மாற்றாதீர்கள். ஃப்ரீஸில் கிடக்கும் லேயரைக் கரன்ட் ஆக்க முடியாது, கரன்ட் லேயரை ஃப்ரீஸ் செய்ய முடியாது. அதனால்தான் தா முதலிலும், செட் நடுவிலும் வருகின்றன.

ஸ்கிரிப்டில் ஒரு ஸ்பேஸ் என்பது ஒரு எண்டர். ‘டிம்*,வெல்ட்*’ என்று எழுதும்போது கமாவுக்குப் பின் பழக்க தோஷத்தில் ஸ்பேஸ் விழுந்தால் அங்கேயே அறுந்துவிடும். பார்ட்டி அனுப்பிய டிராயிங்கை எக்ஸ்ரெஃப் ஆக (வெளி ஃபைலாக இணைத்து) வைத்திருந்தால் அதன் லேயர் பெயருக்கு முன்னால் ஃபைல் பெயரும் ஒரு நெட்டுக்கோடும் இருக்கும். அதையும் பிடிக்க ‘*டிம்*’ என்று முன்னாலும் நட்சத்திரம் போடுங்கள். விஸ்ரிடெய்ன் என்ற செட்டிங் 1 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள், 0 என்றால் ஃபைலைத் திரும்பத் திறக்கும்போது எக்ஸ்ரெஃப் லேயர்கள் பழையபடி வந்து நிற்கும்.

வெல்டிங் குறிகள் அழிந்ததற்கு வருவோம். ஆஃப் லேயரில் இருப்பவை கண்ணுக்குத்தான் தெரியாது, ‘ஆல்’ கொடுத்தால் அவையும் செலக்ட் ஆகும். ஃப்ரீஸ் செய்த லேயரையும் லாக் செய்த லேயரையும் ‘ஆல்’ தொடாது. வெல்டிங் குறி இல்லாத பிரிண்ட் வெல்டர் கைக்குப் போனால் எந்த மூட்டுக்கு எத்தனை மி.மீ. ஃபில்லெட் வெல்டு என்று அவர் ஊகித்துத்தான் போட வேண்டும். இதை மட்டுமாவது இன்றே மாற்றிவிடுங்கள்.

எல்.டி.யில் ஆட்டோலிஸ்ப் 2024 பதிப்பிலிருந்துதான் ஓடும். அதற்கு முந்தியது என்றால் எஸ்.சி.ஆர். மட்டுமே வழி. லிஸ்ப் இருந்தால் லேயர் டேபிளை நேராகவே படிக்கலாம்: 62 என்ற குறியீட்டில் நிற எண் மைனஸாக இருந்தால் லேயர் ஆஃப், 70 என்ற குறியீட்டில் 1 ஃப்ரீஸ், 4 லாக். இரண்டும் சேர்ந்தால் 5. ‘70இல் இருப்பது 1தானா’ என்று சோதித்தால் லாக்கும் ஆகியிருக்கும் லேயர் தப்பிவிடும், ஆகவே பிட் பிட்டாக ஒப்பிடும் லாஜ்ஆண்ட் போட்டு அந்த ஒரு பிட்டை மட்டும் பாருங்கள்.

ஆனாலும் உங்கள் மூன்று பிரிண்டுக்கு நான் சொல்லும் வழி மூன்று லேஅவுட் (பிரிண்டுக்கான தாள்). ஒவ்வொன்றின் வியூபோர்ட்டிலும் (தாளில் மாடலைக் காட்டும் ஜன்னல்) வேண்டாததை வி.பி. ஃப்ரீஸ் (அந்த ஜன்னலில் மட்டும் ஃப்ரீஸ்) செய்துவிட்டால் மாடலில் யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை, தினமும் ஸ்கிரிப்ட் ஓட்டவும் வேண்டாம். பிறகு யாராவது புது லேயர் சேர்த்தால் அது மூன்று வியூபோர்ட்டிலும் தலைகாட்டும். அப்போது மட்டும் வி.பி.லேயர் கமாண்டை வைத்து எழுதிய ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டுங்கள்.

ஆஃபிலிருந்து ஃப்ரீஸுக்கு மாறிய முதல் நாளில் சில பிளாக்குகள் (ஒரே பொருளாகச் சேர்த்து வைத்த வரைபடத் துண்டுகள்) காணாமல் போகலாம். டிம் கரன்டாக இருந்தபோது இன்சர்ட் செய்த பிளாக், உள்ளே எந்த லேயரில் வரைந்திருந்தாலும், டிம்மை ஃப்ரீஸ் செய்தால் முழுதாக மறையும். ஆஃப் செய்தபோது இது வெளியே தெரிந்திருக்காது. டிம்மை ஒருமுறை தா செய்துவிட்டு, காணாமல் போன பிளாக்கைச் செலக்ட் செய்து ப்ராபர்ட்டீஸில் லேயரை மாற்றுங்கள், எக்ஸ்ப்ளோட் செய்து பிளாக்கை உடைத்துவிடாதீர்கள்.