சி.டி.ஐ. வாங்கும் முன் ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் ஃபைபர் வள்ளத்தில் இருப்பது பழைய ரெண்டு சிலிண்டர் மண்ணெண்ணெய் மோட்டார். காலையில் ஒரே இழுப்பில் பிடிக்கிறது. அரை மணி நேரம் ஓடியதும் நின்றுவிடுகிறது. ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது. ஸ்பார்க்குக்குக் கரண்ட் அனுப்பும் சி.டி.ஐ. பெட்டி போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
– வாசகர், மணப்பாடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. பெரிய விலை கொடுத்து வாங்கி, பொருத்திப் பார்த்துவிட்டு, சரியாகவில்லை என்று திருப்பிக் கொடுத்தால் எந்தக் கடையில் வாங்கிக்கொள்வார்கள்? மோட்டார் நிற்கும் அந்த நேரத்தில் இல்லாமல் போவது ஸ்பார்க்கா எண்ணெயா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். கரைக்கு வந்து, ஆறிய மோட்டாரை எத்தனை முறை சோதித்தாலும் அது தெரியாது.

அதனால் சோதனையைச் சூட்டோடு செய்யுங்கள். நின்றதும் முதலில் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து பாருங்கள். அது மூடிக் கிடந்தாலும் இதே மாதிரிதான் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். காற்றுத் திருகு சரியாக இருந்தால், மூடியை இறுக்கி, சிந்திய எண்ணெயைத் துடைத்து, பெட்ரோல் வாடை போன பிறகு ரெண்டு பிளக்கையும் கழற்றுங்கள். கேப்போடு சேர்த்து, இரண்டின் உடம்பும் என்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி, பிளக் துவாரத்தை விட்டுத் தள்ளி வைத்துக் கயிற்றை இழுங்கள். பிளக் வயரை எர்த் இல்லாமல் தொங்கவிட்டு இழுத்தால் நல்ல சி.டி.ஐ.யும் கெட்டுப் போகலாம். இடைவெளி வைத்த ஸ்பார்க் டெஸ்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஏழு மில்லிமீட்டர் தாண்டி நீலமாக, சடக்கென்று சத்தத்தோடு பாய்ந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சரி. சிவப்பாக மெலிந்து வந்தால் அதை ஸ்பார்க் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஒரு சிலிண்டரில் மட்டும் இல்லையென்றால் பிளக், கேப், இக்னிஷன் காயில் என்று அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ரெண்டிலும் இல்லையென்றால் இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அதில் நான் எப்போதும் முதலில் தொடுவது ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் வயரைத்தான். அந்த சுவிட்ச் மோட்டாரை நிறுத்துவதே ஸ்பார்க்குக்குப் போக வேண்டிய கரண்டை எர்த்துக்குத் திருப்பிவிட்டுத்தான். உள்ளே உப்பு பூத்தாலோ, வயரின் தோல் உரிந்து இரும்பில் பட்டாலோ, யாரும் அழுத்தாமலே அது மோட்டாரை நிறுத்தும். வயரைக் கழற்றியதும் ஸ்பார்க் வந்தால் சுவிட்சையும் வயரையும் மாற்றினால் போதும். கழற்றிய நிலையில் மோட்டார் பிடித்துவிட்டால் சுவிட்ச் வேலை செய்யாது, சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சிலர் அந்த வயரைக் கழற்றியபடியே தினமும் கடலுக்குப் போகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆள் தவறி விழுந்தால், ஸ்டாப் சுவிட்சிலிருந்து கையில் மாட்டிய கயிறு மோட்டாரை நிறுத்தாது. ஆளில்லாத வள்ளம் வட்டமடித்துத் திரும்பி வந்து, விழுந்தவர் மேலேயே புரொப்பெல்லரை ஏற்றிவிடும்.

வயரைக் கழற்றியும் ஸ்பார்க் இல்லையென்றால் எனக்குச் சந்தேகம் ஃப்ளைவீலுக்கு அடியில் இருந்து சி.டி.ஐ.க்குக் கரண்ட் கொடுக்கும் சார்ஜ் காயில் மேல்தான். சூடானால் விட்டுப்போய், ஆறினால் ஒட்டிக்கொள்வது பழைய காயில்களின் குணம். மீட்டரில் ஓம் அளவைச் சூட்டில் ஒரு முறை, ஆறிய பிறகு ஒரு முறை எடுத்து, உங்கள் மாடலின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். சி.டி.ஐ.யை சாதாரண மீட்டரால் தீர்மானிக்க முடியாது. மற்றதெல்லாம் சரி என்று தெரிந்த பிறகு, அதே மாடல் வைத்திருக்கும் பக்கத்து வள்ளக்காரரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள். அதில் நிற்காமல் ஓடினால் தைரியமாகப் புதுசு வாங்கலாம்.

கரையில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்தால் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் சீக்கிரமே கருகிவிடும்.

கேள்வி: அப்பா பாவித்த பிரிட்டிஷ் சீகல் மோட்டார், பாயிண்ட் வைத்தது. இரண்டு வருசமாகச் சும்மா கிடந்தது. இப்போது ஸ்பார்க்கே இல்லை. காயில் பழுதாகியிருக்குமா?
– வாசகர், திருகோணமலை

பதில்: அதற்கு முன் பாயிண்டைப் பாருங்கள், அதாவது திறந்து மூடி ஸ்பார்க்கை வரவைக்கும் தொடுமுனைகளை. சும்மா கிடந்தால் அதன் முகத்தில் மெல்லிய படலம் படிந்துவிடும், கண்ணுக்குக்கூடத் தெரியாது. நைஸ் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு சுத்தமான அட்டைத் துண்டை நடுவில் விட்டு இழுத்துத் துடையுங்கள். விரல் எண்ணெய் படக் கூடாது. பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது இடைவெளி 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். பாயிண்ட் கருகிக் குழி விழுந்திருந்தால் அதோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரையும் மாற்றுங்கள்.

அப்புறம் பிளக் வயர். இருட்டில் கயிற்றை இழுத்து, வயரின் மேல் எங்காவது பொறி ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் ரப்பர் வெடித்திருக்கிறது. புது வயர் வாங்கும்போது உள்ளே செம்புக் கம்பி இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள். கார்களுக்கு வரும் கார்பன் வயர், பேட்டரி இல்லாமல் தானே கரண்ட் உண்டாக்கும் இந்த மேக்னெட்டோவுக்கு ஆகாது.