டிரம்ஸ் வாசிக்கும் பையன் புரொட்யூசர் ஆக வேண்டுமாம்

அன்புள்ள அம்மா,

டிரம்ஸ் வாசிக்கும் உங்கள் மகன் புட்ச் விக் மாதிரி புரொட்யூசர் ஆக வேண்டும் என்கிறான், அதற்கு ஸ்டுடியோ வைக்கக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 'புரொட்யூசர்' என்றதும், பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொள்ளும் சினிமாத் தயாரிப்பாளரை நினைத்து உங்கள் கணவர் பயந்துவிட்டார் போலிருக்கிறது. மகன் சொல்வது அதுவல்ல. பாட்டுப் பதிவின்போது பேண்டோடு கூடவே உட்கார்ந்து, எந்த டேக் (ஒரு தடவை பாடி வாசித்த பதிவு) சரி, எங்கே இழுக்கிறது என்று முடிவு செய்பவர்தான் ரெக்கார்டு புரொட்யூசர். முதல் போடுவது பெரும்பாலும் கம்பெனி. இவருக்குச் சம்பளம், பெயர் வந்துவிட்டால் விற்பனையிலும் ஒரு பங்கு.

அவன் சொல்லும் புட்ச் விக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் விஸ்கான்சின்காரர், டிரம்மர். மேடிசன் பல்கலைக்கழகத்தில் சினிமா படித்து டிகிரி வாங்கியவர். (இதை அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள்.) அவர் வாசித்த ஸ்பூனர் பேண்ட் பெரிதாகப் போகவில்லை. 1983இல் நண்பர் ஸ்டீவ் மார்க்கரோடு மேடிசனிலேயே ஸ்மார்ட் ஸ்டுடியோஸ் என்ற பதிவுக்கூடம் ஆரம்பித்து, உள்ளூர் பங்க் (முரட்டு ராக்) பேண்டுகளுக்குக் குறைந்த காசில் பதிவு செய்து கொடுத்தார். அவர் புரொட்யூசராக இருந்து பெரும் புகழ் பெற்ற ஆல்பம், நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் 'நெவர்மைன்ட்', வந்தது 1991இல். அப்போது அவருக்கு வயது 36.

அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டு, பேண்டாக வாசித்தபோது சரிவரவில்லை. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் கண்ட்ரோல் ரூம் சோபாவில் படுத்துக்கொண்டு, எப்படி வர வேண்டும் என்று முனகலாகப் பாடிக் காட்டினார். விக் ஏசியை நிறுத்தினார், போன் ஒயரைப் பிடுங்கினார், மைக்கை சோபாவுக்கே கொண்டுவந்தார். நாம் கேட்பது அந்தக் குரல்தான். இன்னொரு சமயம், ஒரே வரியை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க கோபேன் மறுத்தபோது, பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனனும் அப்படித்தான் செய்தார் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தார். பதிவான குரலையும் கருவிகளையும் அளவாகக் கலக்கும் மிக்சிங்கை கோர்ஸில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். ஆளறிந்து வேலை வாங்கும் இந்தச் சாமர்த்தியம் வருவதற்கு எத்தனையோ பேண்டுகளோடு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும்.

சரி, நீங்கள் கேட்ட கடன் விஷயம். வேண்டவே வேண்டாம். அத்தனை பெயரெடுத்த ஸ்மார்ட் ஸ்டுடியோஸையே 2010இல் மூடிவிட்டார்கள். லேப்டாப், மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், இரண்டு மைக், நல்ல ஹெட்போன் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். டிரம்ஸையும் விட வேண்டியதில்லை. விக்கே பிறகு கார்பேஜ் பேண்டில் மறுபடி வாசித்தார்.

படிப்பு நடக்கும்போதே, பழக்கமில்லாத இரண்டு பேண்டுகளுக்கு அவன் டெமோ (மாதிரிப் பாட்டு) பதிவு செய்து கொடுக்கட்டும். ஐந்நூறோ ஆயிரமோ, கூலி கேட்டு வாங்கட்டும். அங்கே டிரம்மர் தடுமாறும்போது இவனுக்குக் குச்சியைப் பிடுங்கி வாசிக்கக் கை துறுதுறுக்கிறதா, அவரையே நன்றாக வாசிக்க வைக்கத் தோன்றுகிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பரீட்சை முடிந்ததும் அந்த இரண்டு பதிவுகளோடு வரச் சொல்லுங்கள். அப்பாவும் வந்தால் நல்லது.